கொத்துப்பட்ட குஞ்சு

பத்து நாள் குஞ்சு ஒன்றின் வாலடியில் ஒரு சொட்டு ரத்தம் கசிகிறது. பெட்டியில் கூட இருக்கும் குஞ்சுகளில் ஒன்று தலையைச் சாய்த்து அதைப் பார்க்கிறது, ஒரு கொத்து. அடிபட்டது கீச்சென்று ஓடுகிறது. அந்தச் சிவப்பும் கூடவே ஓட, இன்னும் இரண்டு பின்னால் துரத்துகின்றன. வீட்டில் யாராவது கவனித்தால் குஞ்சைத் தூக்கி, புண்ணில் மஞ்சள்தூளை அப்பி, மறுபடி அதே பெட்டியில் விட்டுவிட்டுப் போவார்கள். விடிந்து பார்த்தால் முதுகில் தோல் இருக்காது. பல நேரம் குஞ்சுக்கு உயிரே இருக்காது.

மஞ்சள் போட்டதில் தப்பில்லை. விட்ட இடம்தான் தப்பு. கொத்துப்பட்ட குஞ்சுக்குச் செய்யும் வைத்தியத்தில் புண்ணுக்குப் பாதி பங்குதான்; மீதிப் பாதி, அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் மற்றக் குஞ்சுகளின் கண்களுக்கு. அந்தக் கண்கள் எதைத் தேடப் பழகியவை என்று தெரிந்துகொண்டால், அடுத்து என்ன செய்வது என்பதில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வரும்போதே கொத்தத் தெரிந்துதான் வருகிறது. காக்கைக் குஞ்சைப்போல் வாயைப் பிளந்துகொண்டு கூட்டில் கிடப்பதில்லை. 1950களில் எக்கார்ட் ஹெஸ் என்ற உளவியலாளர் இதைச் சோதிக்க ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். இருட்டில் பொரித்த குஞ்சுகளுக்குப் பட்டகம் வைத்த கண்ணாடி மாட்டிவிட்டார். அதன் வழியே பார்த்தால் எதிரே இருப்பதெல்லாம் ஏழு பாகை பக்கவாட்டில் நகர்ந்து தெரியும். களிமண்ணில் பதித்த பித்தளை ஆணியைக் கொத்தவிட்டார். குஞ்சுகள் ஆணியை விட்டுத் தள்ளியே கொத்தின. நாள் போகப்போகக் கொத்துகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தன. ஆனால் அந்த இடமும் ஆணி இருந்த இடமல்ல. பழகப் பழகக் கை தேர்கிறது, ஆனால் எந்தத் திசையில் குறி வைப்பது என்பது பிறவியிலேயே அமைந்துவிட்டது.

எதைக் கொத்துவது என்பதிலும் பிறவி விருப்பம் இருக்கிறது. அதே ஹெஸ், தீனி என்றால் என்னவென்றே தெரியாத குஞ்சுகளின் முன் பல நிறங்களில் பொருள்களை வைத்துக் கொத்துகளை எண்ணினார். ஆரஞ்சைச் சுற்றி ஓர் உச்சம், நீலத்தைச் சுற்றி இன்னோர் உச்சம். பச்சை பக்கம் அவ்வளவாகப் போகவில்லை. சின்னதாக, உருண்டையாக, பளபளவென்று இருந்தால் இன்னும் நல்லது. போதாததற்கு, நம் கண்ணில் நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கும்போது கோழிக்கு நான்கு வகை உண்டு. ஒவ்வொன்றின் முன்னும் எண்ணெய்த் துளி ஒன்று உண்டு; பெரும்பாலான வகைகளில் அது நிறமுள்ள வடிகட்டியாக நிற்கிறது. ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்களைக்கூடப் பிரித்தறியும் கண் அது. மஞ்சள் தூவியின் மேல் ஈரமாகப் பளபளத்து, நடக்க நடக்க அசையும் ரத்தச் சொட்டைவிட அந்தக் கண்ணுக்குப் பொருத்தமான குறியை வேண்டுமென்றே செய்தாலும் செய்ய முடியாது.

பசிதான் காரணம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. குஞ்சு வெளிவரும்போது முட்டைக் கருவின் மிச்சம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் அதை வைத்தே ஓட்டிவிடும். ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்ப முடிவதும் இதனால்தான். டொரண்டோவில் ஜெர்ரி ஹோகன் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது இது: முதல் சில நாள்களில் குஞ்சு எவ்வளவு கொத்துகிறது என்பதற்கும் அதன் வயிறு காலியா நிறைந்ததா என்பதற்கும் தொடர்பில்லை. தீனியையும் மணலையும் ஒன்றுபோலவே கொத்தும். தின்றால் தெம்பு வருகிறது என்பதைப் பிறகுதான் உடல் கற்றுக்கொள்கிறது. முதலில் வருவது கொத்தல், அதற்கு அப்புறம்தான் பசி.

இந்த ஓயாத கொத்தலுக்கு ஒரு திசை காட்டுவது தாய்க்கோழி. குப்பைமேட்டைக் காலால் பறித்து, எதையோ அலகால் எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, கொக்கரித்துக் கூப்பிடும். அது கொத்தும் இடத்தைக் குஞ்சுகள் கொத்தும். தாயில்லாத குஞ்சுகள் முன் குருணையைத் தூவி, ஆள்காட்டி விரல் நகத்தால் தரையில் தட்டிப் பாருங்கள்; நான்கைந்து உடனே ஓடிவந்து நகத்தைச் சுற்றிக் கொத்தத் தொடங்கும். அடைக்கோழிக்கு அவ்வளவு செல்வாக்கு.

தரைக்கும் பங்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் மரியன் டாகின்ஸ் 1989ல் வெளியிட்ட ஆய்வில், அரைக்காட்டு நிலையில் திரிந்த காட்டுக்கோழிகள், கவனித்த நிமிடங்களில் 60 சதவீதத்தில் தரையைக் கொத்தின, 34 சதவீதத்தில் கிளறின. இத்தனைக்கும் அவற்றுக்குத் தீனி தனியாக வைக்கப்பட்டிருந்தது. இப்போது நம் அட்டைப்பெட்டிக்கு வாருங்கள். அடியில் செய்தித்தாள். மூலையில் தட்டு நிறையத் தூள் தீவனம்; பத்து நிமிடத்தில் வயிறு நிறைந்துவிடும். மேலே ஒரு பல்பு. நாள் முழுக்கக் கொத்த வேண்டிய அலகுக்கு அங்கே மிச்சம் இருப்பவை பக்கத்துக் குஞ்சின் கால் விரல், கண், வால்தான்.

இதற்கு ‘கொத்து வரிசை’ என்று பெயர் வைத்து அலட்சியமாக விடுகிறவர்கள் உண்டு. அந்தக் கருத்தைத் தந்தவர் நார்வேயின் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே. சிறு வயதிலிருந்தே கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்து எது எதைக் கொத்துகிறது என்று குறித்துக்கொண்டே வந்தவர். 1922ல் கட்டுரையாக வெளியிட்டார். மந்தையில் ஒவ்வொரு கோழிக்கும் ஓர் இடம் உண்டு, மேலுள்ளது கீழுள்ளதைக் கொத்தும், கீழுள்ளது திருப்பிக் கொத்தாது என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த வரிசைக்கான கொத்து கொண்டையிலும் தலையிலும் விழும். நேருக்கு நேர், நெஞ்சை நிமிர்த்தி, ஒன்றிரண்டோடு முடியும். முதல் இரண்டு மூன்று வாரக் குஞ்சுகளுக்கு அந்த வரிசையே இன்னும் அமையவில்லை. அவை பின்பக்கமாக வந்து, கோபமோ சிலிர்ப்போ இல்லாமல், தானியம் பொறுக்குகிற அதே தோரணையில் வாலடியைக் கொத்துகின்றன. வலியில் கத்துவது சகோதரக் குஞ்சு என்பது அந்தக் கணக்கில் வருவதேயில்லை. இது தீனி தேடும் கொத்து, இடம் மாறி விழுகிறது. வரிசை நிலைத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று காத்திருந்தால், அடங்க அங்கே எதுவும் இல்லை, குஞ்சுதான் போகும்.

விதிவிலக்காகப் பெருவிடைக் குஞ்சுகளைச் சொல்ல வேண்டும். சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம். சில வார வயதிலேயே எதிரெதிராக நின்று முகத்தைக் கிழித்துக்கொள்ளும். அங்கே நடப்பது நிஜமான சண்டை. வளர்க்கிறவர்களுக்கு அது தெரியும், பிரித்து வைத்துவிடுவார்கள்.

சரி, குஞ்சு கையில் இருக்கிறது. முதலில் பிடிக்கும் விதம். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது; மார்புக்கூடு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பதற்றத்தில் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தால் ரத்தம் போவதற்கு முன் மூச்சு போய்விடும். உள்ளங்கையில் உட்காரவைத்து, விரல்களைத் தளர்வாகக் கூரைபோல் கவித்துக்கொண்டால் போதும். தலையை ஒரு மெல்லிய துணியால் மூடினால் இருட்டென்று நினைத்துப் பாதி அடங்கிவிடும்.

அடுத்து ரத்தம். பறவையின் உடல் எடையில் ஏறக்குறைய 7 சதவீதம் ரத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 50 கிராம் குஞ்சுக்கு மூன்றரை மில்லி. ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. இருபது சொட்டு போனால் ஒரு மில்லி போயிற்று, கால் பங்குக்கும் மேல். தரையில் பார்க்கும்போது “கொஞ்சமாத்தான் வந்திருக்கு” என்று தோன்றும் அளவு அது. அதனால் கழுவுவது, மருந்து தேடுவது எல்லாம் பிறகு. சுத்தமான பருத்தித் துணியை மடித்துப் புண்ணின் மேல் வைத்து, மெதுவாக, விடாமல் இரண்டு மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. கோழியின் ரத்தம் உறைவதைப் பெரும்பாலும் தொடங்கிவைப்பது காயம்பட்ட திசுவிலிருந்தே வெளிவரும் பொருள்தான்; நாம் துடைக்கத் துடைக்க அதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் காபித்தூள் வரும், சுண்ணாம்பு வரும், அடுப்புச் சாம்பல் வரும், சில ஊர்களில் மண்ணெண்ணெயே வரும். காபித்தூள் ரத்தத்தை நிறுத்துவதுபோல் தெரியும், ஆனால் பிறகு புண்ணிலிருந்து அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. சுண்ணாம்பு தோலைச் சுடும். மண்ணெண்ணெய் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்க் குஞ்சையே கொல்லும். நிற்காமல் கசிந்தால் ஒரு சிட்டிகை சோளமாவு போட்டு அழுத்தலாம். அது எளிதில் கழுவிப் போய்விடும். முளைத்துக்கொண்டிருக்கும் இறகு முறிந்து ரத்தம் வருவது தனி விஷயம். வளரும் இறகின் தண்டுக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. அதன் நுனியை அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்த இறகை அடியோடு எடுக்க வேண்டியிருக்கும், அதைத் தெரிந்தவர் செய்வது நல்லது.

நின்றபின் கழுவலாம். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு. இது உடலின் உப்புச் செறிவுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதால் எரியாது. நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், புண்ணின் மேல் மட்டும் ஊற்ற வேண்டும். நனைந்த குஞ்சு நிமிடங்களில் குளிர்ந்துவிடும். கழுவியதும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலில் கொஞ்சத்தை நீரில் கலந்து, பால் ஊற்றாத லேசான டீயின் நிறத்துக்கு வந்ததும் பஞ்சால் தொட்டு வைக்கலாம். கெட்டியாக அப்படியே ஊற்றினால் கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் செல்களையும் அது அழிக்கும். நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். பொங்குவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நமக்குத் திருப்தி, அவ்வளவே.

மஞ்சள்? சுத்தமான மஞ்சளை லேசாகத் தூவுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எண்ணெயில் குழைத்து முதுகு முழுக்கப் பூசுவதுதான் பிரச்சினை. குஞ்சின் தூவிகளுக்கு இடையில் சிக்கிய காற்றுதான் அதன் போர்வை. எண்ணெய் பட்டதும் தூவி ஒட்டிக்கொள்ளும், காற்று போய்விடும், குஞ்சு நடுங்கும். மாட்டுக்குக் குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை போட்டுக் காய்ச்சும் எண்ணெய் அருமையான மருந்துதான். 400 கிலோ மாட்டுக்கும் 50 கிராம் குஞ்சுக்கும் ஒரே கை அளவு பொருந்தாது. வேப்பெண்ணெய் போட்டே ஆக வேண்டுமென்றால், ஈ உட்காராமல் இருக்கப் புண்ணின் விளிம்பில் தீக்குச்சி நுனியால் தொட்டு வைத்தால் போதும்.

ஈயை லேசாக எடுக்கக் கூடாது. நம் வெயிலில் காலையில் ஈ முட்டையிட்டால் மறுநாளைக்குள் புழு வைத்துவிடும். அரிசி நுனி அளவு வெள்ளை முட்டைக் கொத்து புண்ணோரத்தில் தெரிந்தால் சிமிட்டாவால் அப்போதே எடுத்துவிட வேண்டும். குஞ்சை வைக்கும் கூடையைக் கொசுவலைத் துணியால் மூடிவிடுவது எல்லா மருந்தையும்விட மேல்.

இன்னொன்றில் பலரும் ஏமாறுகிறார்கள். நமக்கோ நாய்க்கோ புண் பழுத்தால் சீழ் வடியும், கோழிக்கு வடியாது. நம் சீழை நீராக்குவதில் வெள்ளணுக்களின் நொதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பறவையின் வெள்ளணுவில் அந்தத் தொகுப்பு வேறு. அதனால் அங்கே பழுப்பு கெட்டியாகி மஞ்சள் கட்டியாக உறைந்து உட்கார்ந்துவிடும். “சீழ் இல்லை, ஆறிவிட்டது” என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தோலுக்கடியில் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். புண் சுற்றிலும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, பச்சை கறுப்பாக நிறம் மாறினாலோ, நாற்றம் அடித்தாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போக வேண்டியதுதான். கோழிக்குஞ்சையா கொண்டுவந்தாய் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் யோசனை வேண்டாம். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து பறவையின் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு இந்த நாட்டின் பாறு கழுகுகளே சாட்சி. 2006ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்வதற்குள், மருந்து தரப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற அந்தக் கழுகுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அதற்காகக் கோழிக்கு வலி தெரியாது என்று அர்த்தமில்லை. 2000ல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், கால் நொண்டும் கறிக்கோழிகளுக்கு வலி மருந்து கலந்த தீவனத்தையும் கலக்காத தீவனத்தையும் நிறம் மாற்றி வைத்தார்கள். நொண்டும் கோழிகள் மருந்துள்ள தீவனத்தைத் தேர்ந்து தின்றன. நொண்டல் கூடக்கூட மருந்தின் அளவும் கூடியது. வலி மருந்து வேண்டும், மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பதாக வேண்டும்.

புண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிழைக்கும் வாய்ப்பு மாறும். தலைத் தோல் உரிந்து மண்டையோடு தெரியும் குஞ்சைப் பார்த்தால் நமக்குக் கை நடுங்கும். ஆனால் ஈரம் காயாமல், ஈ அண்டாமல் பார்த்துக்கொண்டால் ஆச்சரியப்படும்படி மூடிக்கொள்ளும். கால் விரல் புண்ணும் அப்படித்தான். எச்சத்துவாரம்தான் ஆபத்தான இடம். அங்கே எச்சம் காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்து மற்றவை கொத்த ஆரம்பிக்கும். தோல் கிழிந்தால் உள்ளே இருப்பது குடல். ஒட்டிய எச்சத்தை இழுத்துப் பிய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. குடல் வெளியே வந்துவிட்ட குஞ்சை வீட்டில் வைத்து இரண்டு நாள் துடிக்கவிடுவதைவிட, மருத்துவரிடம் வலியில்லாமல் முடித்துவைக்கச் சொல்வது மேல்.

மருந்தைவிடக் குஞ்சைக் காப்பாற்றுவது சூடு. முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். கூட்டத்தில் இருக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஒண்டிச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். பிரித்ததும் அந்தப் பங்கு போயிற்று. ரத்தம் இழந்த உடம்பு வேறு. ஆகவே தனியே வைத்த குஞ்சுக்குக் கூட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு தேவை. எல்இடி விளக்கு போட்டுவிட்டு வெளிச்சம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது, அதில் சூடு இல்லை. பழைய குண்டு பல்பு கிடைத்தால் கூடையின் ஒரு ஓரத்தில் தொங்கவிடலாம். கிடைக்காவிட்டால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம். மறு ஓரம் சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ளும். கண்ணை மூடி, இறகைச் சிலுப்பி, பாட்டிலை ஒட்டியே நின்றால் சூடு போதவில்லை. அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம்.

தண்ணீரில் அலகு நுனியை ஒருமுறை தொட்டுவிட்டால் பெரும்பாலும் தானே குடிக்கும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். நாக்கின் அடியிலேயே அதன் வாசல் இருக்கிறது. முதல் சில மணி நேரத்துக்குக் கொஞ்சம் குளுக்கோஸ் கலக்கலாம். தின்ன மறுத்தால் அவித்த முட்டை மஞ்சள்கருவைப் பொடித்துத் தூவி, நகத்தால் தட்டுங்கள்.

தனிமையும் குஞ்சை வாட்டும். பிரித்து வைத்த குஞ்சு விடாமல் உச்சக் குரலில் கூவும். அமெரிக்க நரம்பியலாளர் ஜாக் பாங்க்செப் இந்தக் கூவலை ஆராய்ந்தார். மிகச் சிறிதளவு ஓபியாய்டு மருந்தே அதை அடக்கியது. உடல் வலியைத் தணிக்கும் அதே மூளை வேதியியல் பிரிவையும் தணிக்கிறது என்று அவர் வாதிட்டார். கூண்டுக்குள் கண்ணாடி வைத்தாலும் கூவல் குறைகிறது. ஆனால் கண்ணாடியைவிட நல்லது, அதே பெட்டியில் நடுவே கம்பி வலை ஒன்றை நிறுத்தி மறு பக்கத்தில் வைப்பது. பார்க்கலாம், கேட்கலாம், வலையோரம் வந்து ஒட்டி உறங்கலாம், கொத்த முடியாது. வலையின் கண் அலகு நுழையாத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கூவிக் கூவிச் சக்தியைச் செலவழிக்காத குஞ்சுக்கு ஆறுவதற்கு மிச்சம் இருக்கும். பிரிந்திருந்ததால் அந்நியமாகிவிடும் ஆபத்தும் இதில் இல்லை.

இதற்கிடையே பெட்டியில் மிச்சமிருக்கும் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும். ஒரு காயம் ஏற்பட்ட பெட்டியில் அடுத்த காயமும் ஏற்படும். ரத்தத்தைக் கொத்திப் பழகியதைப் பார்த்து மற்றவையும் பழகும். செய்தித்தாளை எடுத்துவிட்டு உமியோ மரத்தூளோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, அதில் கொஞ்சம் குருணையும் கம்பும் தூவினால் அலகுக்கு வேலை கிடைத்துவிடும். கீரைத் தண்டைக் கட்டித் தொங்கவிடலாம். பானையைக் கவிழ்த்துக் கறையான் பிடித்துப் போடும் பழைய வழக்கம் புரதத்தோடு கிளறும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தது. அதைக் கைவிட்டதில் நமக்கு நஷ்டம்தான். தீவனத்தில் உப்பு குறைந்தாலும், மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைந்தாலும் கொத்தல் கூடும். இறகே கிட்டத்தட்ட முழுக்கப் புரதம், அதைக் கட்ட மெத்தியோனின் வேண்டும். வெறும் அரிசியும் தவிடும் போட்டு வளர்க்கும் குஞ்சுகள் ஒன்றின் இறகை இன்னொன்று பிடுங்கித் தின்பதில் வியப்பில்லை.

வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். 24 மணி நேரமும் வெள்ளை பல்பு எரியும் பெட்டியில் தூங்கும் குஞ்சின்மேல் விழித்திருக்கும் குஞ்சின் கண் விழுந்துகொண்டே இருக்கும். ஐரோப்பாவில் சில ஆண்டுகளாக இருட்டு அடைப்பான்களைச் சோதித்திருக்கிறார்கள்: வெளிச்சம் தராத சூட்டுத் தகடு, சுற்றிலும் தொங்கும் துணிக் கீற்றுகள், உள்ளே கும்மிருட்டு. தூங்குகிறது உள்ளே, கொத்துகிறது வெளியே. இப்படி வளர்ந்தவை பெரிதான பிறகும் இறகைக் கொத்துவது குறைந்திருந்தது. தாய்க்கோழியின் சிறகடியைத்தான் தகடும் துணியுமாக மறுபடி செய்திருக்கிறார்கள்.

பண்ணைக்காரர்கள் போன வழி வேறு. 1903ல் அமெரிக்காவில் கோழிக்கு மூக்குக்கண்ணாடி செய்து ஒருவர் காப்புரிமையே வாங்கினார். பிறகு சிவப்புக் கண்ணாடி வந்தது, எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தனியாகத் தெரியாது என்ற கணக்கில். சிவப்பு பல்பு போடுவதும் அதே கணக்குதான். அவசரத்துக்கு அது உதவும். பெரிய பண்ணைகளில் நிலைத்தது அலகு வெட்டுவது. அலகு நகம் போன்ற வெறும் கொம்புப் பொருளல்ல, அதன் நுனி நரம்புகள் நிறைந்த தொடு உறுப்பு. வெட்டுப்பட்ட நரம்பு முனைகள் முடிச்சாக வளர்ந்து நீண்ட நாள் வலிக்கக் காரணமாகலாம் என்று 1980களில் மைக்கேல் ஜென்டில் காட்டினார். இன்னொரு வழியும் இருந்தது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர், தனிக் கோழியின் முட்டை எண்ணிக்கையைப் பார்க்காமல், கூண்டு முழுதும் சேர்ந்து எப்படி வாழ்கிறது என்று பார்த்து இனப்பெருக்கம் செய்தார். அலகு வெட்டாத கோழிகள்தான். இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த சாவு நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதமாகிவிட்டது. அதிக முட்டையிடும் கோழியை மட்டும் தேடிப் பொறுக்கியபோது, பக்கத்துக் கோழியை மிதித்து ஏறுவதையும் சேர்த்தே பொறுக்கியிருக்கிறார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம்.

புண் மூடி, பக்கு உதிர்ந்து, அடியில் வழவழப்பான இளஞ்சிவப்புத் தோல் தெரியும்போது திருப்பி விடத் தோன்றும். இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிடுங்கப்பட்ட இடத்தில் இறகு உடனே மறுபடி முளைக்கத் தொடங்கும். நீலம் பாய்ந்த குச்சி குச்சியாக, உள்ளே ரத்தம் ஓட. பெட்டிக் கண்களுக்கு அது மறுபடி ஒரு கொத்துப் புள்ளி. குச்சிகள் விரிந்து தோலை மறைக்கும் வரை வலையின் மறுபக்கமே இருக்கட்டும்.

மருந்தின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். ஊதா மருந்து பூசினால் சிவப்பு மறையும் என்று செய்வார்கள். ஓரளவு மறையும், ஆனால் புதிய நிறமே கவனத்தை இழுக்கவும் கூடும். 1953ல் கூல், ஆர்ட்மன் என்ற இருவர் கோழிகளின் கொண்டையையும் இறகையும் மாற்றிப் பார்த்தபோது, தலை கழுத்துப் பகுதியில் தோற்றம் மாறிய கோழியைக் கூட்டம் புதிதாக வந்ததுபோல் நடத்தித் தாக்கியது. தலைப் புண்ணில் வண்ணம் பூசிக் கட்டுப் போட்டுக் கூட்டத்தில் விடுவது அதனால் ஆகாத காரியம்.

விடும் நாளில், அந்தி சாய்ந்து மற்றவை ஒண்டிக் கிடக்கும் நேரம் பார்த்து வலையை எடுப்பது எளிது. சாதுவான ஒன்றிரண்டை முந்தின நாளே இந்தப் பக்கம் துணைக்கு மாற்றி வைத்திருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலை வெளிச்சம் வந்த முதல் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறுபடி கொத்தல் தொடங்கினால் அடிபட்டதைத் தூக்கக் கை போகும். அதை விட்டுவிட்டு, கொத்துகிறது எது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வலைக்கு மறுபக்கம் இந்த முறை அதைப் போடுங்கள்.